கூரை ஒழுகவில்லை

மழை தொடங்கிய நான்காம் நாள் காலை, கூரைக்காரர் ஏணியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். தூக்கிக்கொண்டு என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. பாதி தூரம் தூக்கினார், மீதி தூரம் இழுத்தார். அறுபத்தெட்டு வயதில் அவருடைய முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாக வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தன.

கொல்லையின் கோடியில், மதிலை ஒட்டிக் கோழிக் கொட்டகை. பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலம். மூன்று பக்கம் கம்பிவலை, ஒரு பக்கம் மதில், மேலே ஒற்றைச் சரிவாகத் தகரம். ஒன்பது பெட்டைகளும் ஒரு சேவலும் அதில் குடித்தனம். கோழிகள் மருமகளுடையவை. அவள் வந்த பிறகுதான் அந்த வீட்டில் முட்டைக்காகக் கடைக்கு ஓடுவது நின்றது. கொட்டகையைப் போட்டவன் மகன். முப்பத்திரண்டு வயது வரை அப்பாவின் பக்கத்தில் நின்றே கூரை போட்டவன், போன வெயில் காலத்தில், அளவெடுத்தது முதல் கடைசி ஆணி வரை, அப்பாவின் கை படாமல் போட்ட முதல் கூரை அது.

அந்தக் கொட்டகைத் தரைதான் நான்கு நாளாகக் காயவில்லை. தச்சுப்பட்டறையிலிருந்து மூட்டை மூட்டையாக மரத்தூள் கொண்டுவந்து காலையில் கொட்டினால், சாயங்காலத்துக்குள் அது கூழாகிவிடும். கோழிகள் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றன. கிட்டப் போனால் கண்ணைக் கரிக்கிற நெடி.

"மாமா, மேலே ஒண்ணும் இல்லைன்னு அவர் சொல்றார். நேத்தே ஏறிப் பாத்துட்டாராம்" என்றாள் மருமகள். கையில் மண்வெட்டி, தலையில் கோணிப்பை.

"அவன் பாக்குறதும் நான் பாக்குறதும் ஒண்ணாம்மா?"

"ஒண்ணு இல்லதான் மாமா. அவர் வழுக்கி விழமாட்டார்."

கூரைக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறாவது படியில் நின்று, ஆணி ஆணியாகத் தடவிப் பார்த்தார். ஆணிக்கு அடியில் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, தகரத்தின் மேல் தகரம் போதுமான அளவு ஏறியிருக்கிறதா, மதிலோடு சேருகிற இடத்தில் பூச்சு விட்டிருக்கிறதா என்று பார்த்தார். குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. அகப்படாதது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தத் தெருவில் அவர்கள் வீட்டைக் கதவு எண் சொல்லி யாரும் விசாரிப்பதில்லை. "ஒழுகாத வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். அவருடைய தாத்தா, அப்பா, அவர் என்று மூன்று தலைமுறை போட்ட கூரைகள் அந்த ஊரின் பாதித் தலைகளுக்கு மேலே இருந்தன. ஐம்பது வருடத் தொழிலில், ஒழுகுகிறது என்று அவரைத் திரும்பக் கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். இரண்டு இடத்திலும் மரக்கிளை முறிந்து விழுந்திருந்தது. அதை அவர் யாரும் கேட்காமலே சொல்லுவார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குடை எழும்பியது. குடைக்குக் கீழே தையல்காரரின் முகம். அவர் கையில் கொடுத்த துணி ஒரு மாதம் தங்கும். காதில் விழுந்த சேதி ஒரு மணி நேரம் தங்காது.

"என்னண்ணே, காலங்காத்தால ஆகாயத்துல நிக்கிறீங்க?"

"சும்மா தம்பி."

"சும்மா யாராவது மழையில ஏணி ஏறுவாங்களா? ஒழுகாத வீட்டுலயே ஒழுகுதோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கூரைக்காரருக்கு அப்பாவையும் தாத்தாவையும் வரிசையாக நிறுத்தி வைத்து யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"நான் போட்டிருந்தா ஒழுகுமா? இது பையன் போட்டது."

சொல்லிவிட்டுக் கீழே பார்த்தார். மருமகள் கூழாய்ப்போன மரத்தூளை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கணம் மண்வெட்டி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக அள்ளத் தொடங்கியது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தான் சொன்னது தப்பு என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. குடும்பத்தின் பெயரைக் காப்பது மூத்தவன் கடமை. அதைத்தான் செய்தோம் என்று நினைத்தார். மகனும் அந்தக் குடும்பத்தில் சேர்த்திதானே என்ற நினைப்பு மழைச்சத்தத்தில் அவருக்கு எட்டவில்லை.

அன்று ஒவ்வோர் ஆணித் தலையிலும் தார் பூசினார். மறுநாளும் தரை ஈரம். பழைய தகரங்களைத் தேடி எடுத்து, சேர்ப்புகளின் மேல் இன்னொரு அடுக்குப் போட்டார். அதற்கு மறுநாளும் ஈரம். சாரல்தான் உள்ளே அடிக்கிறது என்று முடிவுகட்டி, கம்பிவலை மூன்று பக்கத்தையும் தார்ப்பாயால் மூடிக் கயிறு போட்டு இறுக்கினார். ஒவ்வொரு நாளும் ஏணியிலிருந்து இறங்கும்போது இடுப்பு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் எல்லாத் துணியும் ஈரம், தலையணையும் ஈரம், தீக்குச்சிகூட மூன்றாவது உரசலுக்குத்தான் பற்றியது. எல்லோரும் குறைவாகப் பேசினார்கள்.

தார்ப்பாய் கட்டிய மறுநாள் கொட்டகைக்குள் தலையை நீட்டியவர், தகரத்தின் அடிப்பக்கம் முழுவதும் முத்து முத்தாக நீர் நிற்பதைக் கண்டார்.

"இங்க வாம்மா! பாத்தியா? ஒழுகுதா இல்லையா?" குரலில் வெற்றி.

மருமகள் வந்து நிமிர்ந்து பார்த்தாள். "அது ஒழுகல மாமா, வேர்க்குது. நீங்க காத்தை அடைச்சு வச்சிருக்கீங்க. அதுங்க விடுற மூச்சு போக வழியில்லாம மேலே போய் நிக்குது."

"தகரத்துக்கு வேர்க்குமா?"

"என்னைக் கேக்குறீங்களே!"

தகரத்துக்கு வேர்க்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அடைத்துப் போட்ட எத்தனையோ கொட்டகைகளில் பார்த்திருக்கிறார். மற்றவர்களுக்கு விளக்கியும் இருக்கிறார். ஆனால் நாலு நாளாக ஒரே பொருளைத் தேடுகிறவனுக்கு அதே சாயலில் எது கிடைத்தாலும் போதும் என்று ஆகிவிடும்.

அன்று காலையே தவிட்டுநிறப் பெட்டை செத்துக் கிடந்தது. இரண்டு நாளாகத் தொண்டையில் கொர் கொர் என்று இழுத்துக்கொண்டிருந்த கோழி. மருமகள் அதை ஒரு கோணியில் சுற்றி, மாமா பார்க்கட்டும் என்றோ என்னவோ, பின்வாசலில் வைத்திருந்தாள்.

"நல்ல முட்டைக்காரி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு சீக்குப் பிடித்த இன்னும் மூன்றைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளியலறையில் விட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் குளிக்கப் போகிறவர்கள் முதலில் கோழிகளிடம் உத்தரவு கேட்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் மகன் வேலையிலிருந்து வந்தான். நனைந்த சட்டையோடு நேரே கொல்லைக்குப் போய், தார்ப்பாய்க் கட்டுகளைப் பார்த்தான். தகரத்தின் மேல் அப்பா ஏற்றியிருந்த ஒட்டுகளையும் பார்த்தான். தான் நேர்கோடாகப் போட்ட ஆணி வரிசைமேல் தார் அப்பிக் கிடந்தது.

"அப்பா, கூரை ஒழுகல."

"பின்ன தண்ணி எங்கேருந்து வருது? மழைத் தண்ணி மேலேருந்துதானேடா வரணும்?"

மகன் சட்டை நுனியைப் பிழிந்தான். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினான். ரொம்ப நேரம் துவட்டினான்.

"கிடங்குக்காரர் கூப்பிட்டு விட்டிருந்தார்" என்றான் கடைசியில்.

கூரைக்காரர் நிமிர்ந்தார். கடைவீதிக் கோடியில் காகிதக் கிடங்கு. அதன் கூரையைப் போட்டவர் இவருடைய அப்பா. அது வயதாகி, மாற்ற வேண்டிய நிலைக்கு வந்திருந்தது. அந்த வேலைக்காக மகன் ஆறு மாதமாக நடந்தான். அப்பாவின் பெயரைச் சொல்லாமல், தன் பேரிலேயே பேசினான். கிடைத்தால் அதுதான் அவன் தனியாக எடுக்கும் முதல் பெரிய வேலை. இனி யாரும் அவனைக் கூரைக்காரர் மகன் என்று கூப்பிடாமல் கூரைக்காரர் என்றே கூப்பிடுவார்கள்.

"என்ன சொன்னார்?"

"வீட்டுக் கோழிக் கொட்டகையே ஒழுகுதாமே தம்பி, உன்னை நம்பி என் காகிதத்தை எப்படி வைக்கிறதுன்னு கேட்டார். வேற ஒரு ஆளை நாளன்னிக்குக் காலையில வரச் சொல்லிட்டாராம், அளவெடுக்க."

"எவன்டா அவர்கிட்ட சொன்னான்?"

மகன் துண்டை மடித்தான். "உங்க அப்பாவே சொன்னாராமேன்னு சொன்னார்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. கூரைக்காரர் தையல்காரரை நாலு வார்த்தை திட்டலாம் என்று பார்த்தார். முதல் வார்த்தையே வரவில்லை. மகன் கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார், அவன் கோபப்படவில்லை. சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், படுத்துவிட்டான்.

மறுநாள் காலை அவன் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிய பிறகு, கூரைக்காரர் மீண்டும் ஏணியை எடுத்தார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வழி. ஒழுகலைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டால் கிடங்குக்காரரிடம் போய்ச் சரியாகிவிட்டது என்று சொல்லலாம் என்று ஒரு யோசனை.

மருமகள் குறுக்கே நின்றாள். "மாமா, ஏணியை வைங்க. மதியம் வரைக்கும் நீங்க மேலே ஏறக்கூடாது."

"ஏன்?"

"சொல்றேன்ல."

அவள் தார்ப்பாயை ஒரு பக்கம் காற்றுக்குத் தூக்கிவிட்டு, கொட்டகையின் நடுவில் ஒரு முழம் சதுரத்துக்கு ஈரத்தூளைச் சுரண்டி எடுத்து, வீட்டுக்குள் உலர்த்தி வைத்திருந்த தூளை அங்கே பரப்பினாள். மணல் மாதிரி பொலபொலவென்று இருந்தது. அதன்மேல், கொத்தனார்கள் கலவை சுமக்கிற பெரிய இரும்புச் சட்டியைக் குப்புறக் கவிழ்த்தாள். அதன் விளிம்பைக் காலால் மிதித்துப் பதித்தாள். சேவல் அதன்மேல் ஏறி நின்று ஒரு கூவல் கூவியது.

மதியம் கூப்பிட்டாள். கூரைக்காரர் போய்க் குனிந்து நின்றார். அவள் சேவலை விரட்டிவிட்டுச் சட்டியைத் தூக்கினாள். சட்டியின் முதுகு, சேவல் நின்ற இடத்து எச்சம் தவிர, காய்ந்து கிடந்தது. சட்டிக்கு அடியில் இருந்த மரத்தூள் கறுத்து, கசகசவென்று ஊறிப்போயிருந்தது. அவள் அதில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தாள். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது.

"சட்டிக்கு மேலே ஒழுகல மாமா. சட்டிக்குள்ளே ஒழுகுமா?"

அவர் இன்னும் குனிந்தார். கையை நீட்டி அந்தத் தூளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக, ஒரு கூரைக்குக் கீழே நின்றுகொண்டு, மேலே பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில், நாலடி தள்ளி, ஒரு கல்மூடி இருந்தது. அதன்மேல் புல் முளைத்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். கால் தானாக அங்கே போயிற்று.

அந்தக் குழி அவர் தோண்டியது. மூன்று வருடத்துக்கு முன்னால், வீட்டுக் கூரையின் பின்சரிவில் விழுகிற மழைநீர் மதிலைத் தாண்டித் தெறித்துத் தன் வீட்டுக் கொடித் துணி நனைகிறது என்று தையல்காரர் ஒரு நாள் முணுமுணுத்தார். கூரைக்காரருக்குப் பொறுக்கவில்லை. நம் கூரைத் தண்ணீர் அடுத்தவன் மண்ணில் விழக்கூடாது என்பது அப்பா சொல்லிவைத்த சட்டம். நாலு நாள் குனிந்து நின்று ஆளுயரக் குழி வெட்டினார். உள்ளே கல்லும் சல்லியும் நிரப்பினார். பின்கூரைத் தண்ணீரை எல்லாம் ஒரு குழாயில் சேர்த்து அதில் இறக்கினார். சாதாரண மழைக்கு அந்தக் குழி குடித்து முடித்துவிடும். இந்த மாதிரி எட்டு நாள் மழைக்கு அது வயிறு நிரம்பி, பக்கத்து மண்ணுக்கெல்லாம் பகிர்ந்து கொடுக்கும். கொல்லையிலேயே பள்ளமான இடம் கொட்டகை.

கடப்பாரையை எடுத்துக் குழிக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு குத்துக் குத்தினார். இழுத்தபோது ஓட்டைக்குள் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது.

அப்போது இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. வெயில் காலத்தில் மகன் அளவுக்கயிறும் கையுமாக நின்று, "இங்க வேண்டாம்பா, குழி பக்கத்துல இருக்கு. முன்னாடி போடலாம்" என்றான். முன்னாடி போட்டால் தெருவில் போகிறவர்கள் கண்ணில் கோழிப்பீதான் முதலில் படும், நம் வீட்டுக்கு அது அழகா என்று இவர் மறுத்தார். "கூரை சரியா இருந்தா எங்க போட்டாலும் காயும்டா." அவன் மறுபேச்சுப் பேசாமல் அவர் காட்டிய இடத்தில் குச்சி நட்டான்.

கூரைக்காரர் கல்மூடியின் மேல் உட்கார்ந்துவிட்டார். மழை அவர் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. மருமகள் ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து தலையில் போட்டாள்.

"எழுந்திருங்க மாமா. உங்களுக்கும் சளி பிடிச்சா குளியலறையில இடமில்ல."

எழுந்தவர் முதலில் மதிலண்டை போனார். "தம்பி!" என்று கூப்பிட்டார். அந்தக் குரலில் அவர் அப்படிக் கூப்பிட்டு வெகுநாளாயிற்று. குடை எழும்பியது.

"சொல்லுங்கண்ணே."

"அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். பையன் போட்ட கூரை ஒழுகுதுன்னு."

"ஐயோ, நான் யார்கிட்டயும்..."

"சொன்னீங்க. பரவால்ல. கூரை ஒழுகல. ஒரு சொட்டு ஒழுகல. நான் தோண்டின குழி நிரம்பி ஊறுது. அந்த இடத்துல போடச் சொன்னதும் நான்தான். அதை எத்தனை பேர்கிட்டச் சொன்னீங்களோ, இதையும் அத்தனை பேர்கிட்டயும் சொல்லிடுங்க. ஒருத்தரைக்கூட விடாதீங்க."

தையல்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருக்கு அது பழக்கமில்லாத காரியம். "அண்ணே, அந்தக் குழி... நான் அன்னிக்குத் துணி நனைஞ்ச கடுப்புல சும்மா சொன்னது. நீங்க நாலு நாள் வெட்டுனதைப் பாத்து எனக்கே கூச்சமாப் போச்சு. குழாயை என் பக்கமே திருப்பி விடுங்க. எனக்கென்ன, புல்லுதானே முளைக்கப்போகுது."

"வேண்டாம் தம்பி. எங்க தண்ணிக்கு நாங்க வழி பண்ணிக்கிறோம்."

உள்ளே வந்து வேட்டியை மாற்றினார். சலவைச் சட்டை போட்டார். இருந்த நாலு முடியைச் சீவினார். எங்கே போகிறார் என்று மருமகள் கேட்கவில்லை. குடையை எடுத்து நீட்டினாள்.

கடைவீதி வரை நடப்பது சாதாரண நாளில் கால்மணி நேரம். அன்று அரைமணிக்கு மேல் ஆயிற்று. தேநீர்க் கடையில் இரண்டு பேர் அவரைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். நின்று விசாரிப்பார்களோ என்று பயந்தார்; விசாரிக்கவில்லை என்றபோது அதுவும் வலித்தது.

கிடங்கின் வாசலிலேயே குடையை மடித்து வெளியே சாத்தினார். காகிதம் இருக்கிற இடத்துக்கு ஈரக் குடையோடு போகக்கூடாது. உள்ளே உருளை உருளையாகக் காகிதம், ஆளுயரத்துக்கு. நாலைந்து இடத்தில் உருளைகளைத் தள்ளி வைத்து, நடுவில் வாளி வைத்திருந்தார்கள். வாளிகளில் சொட்டுகள் விழும் சத்தம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கேட்டது. அப்பா போட்ட கூரை. நாற்பத்தைந்து வருடத்துக் கூரைக்கு அது குற்றமில்லை என்றாலும் அவரால் அந்த வாளிகளைப் பார்க்க முடியவில்லை.

கிடங்குக்காரர் மேசையிலிருந்து தலை நிமிர்ந்தார். "வாங்க கூரைக்காரரே. உட்காருங்க."

"நின்னுக்கிறேன். ஒரு விஷயம் சொல்லிட்டுப் போகணும்." நின்றுகொண்டே சொன்னார். குழியை, இடத்தை, மகன் வேண்டாம் என்று சொன்னதை, இரும்புச் சட்டியை. ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல இடுப்பு வலி ஏறியது. ஒரு காகித உருளைமேல் கையை ஊன்றலாம் போலிருந்தது. கை ஈரமாக இருக்குமோ என்று ஊன்றவில்லை.

கிடங்குக்காரர் முழுவதையும் கேட்டார். "அப்போ நாலஞ்சு நாளா கூரையில தார் பூசிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"தரையில ஊறுன தண்ணிக்கு."

"ஆமா."

"ஐம்பது வருஷம் கூரை போட்டவருக்கு இது தெரியலைன்னா, நீங்க இந்த ஊருல சொன்னதுல எதை நம்புறது? போன வருஷம் இந்தக் கூரை இன்னும் அஞ்சு வருஷம் தாங்கும்னு சொன்னது நீங்கதானே? அந்த வாளியெல்லாம் யாருக்கு வச்சிருக்கேன்?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. முன்னொரு நாளாக இருந்தால், என் குடும்பத்தைப் பற்றிப் பேச நீ யார் என்று வாசலைப் பார்த்து நடந்திருப்பார். அவர் நின்றார்.

"என்னை நம்ப வேண்டாம். நான் சொன்னதுல அதுவும் தப்பு, பையனைச் சொன்னதும் தப்பு. என் பேரை வச்சு அவனை எடுக்காதீங்க, என் பேரை வச்சு அவனைத் தள்ளவும் செய்யாதீங்க. வேணும்னா வீட்டுக்கு வாங்க. நாத்தமா இருக்கும். கொட்டகைக்குள்ள நின்னு மேலே பாருங்க. தகரத்துமேல இருக்கிற அழுக்கு ஒட்டெல்லாம் நான் பண்ணது. அதுக்கு அடியில இருக்கிறது அவன் வேலை."

கோழிக் கொட்டகைச் சேற்றுக்கு ஊர்ப் பெரியவரை அழைக்கும் நாள் வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. கிடங்குக்காரருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். மேசையிலிருந்த பேனாவை மூடினார்.

"நான் வந்து கோழி பாக்க வேண்டாம். அந்த ஆளை வரச் சொல்லிட்டேன், இல்லைன்னு இப்ப சொல்ல முடியாது. உங்க பையனும் வரட்டும். காலையில எட்டு மணி. ரெண்டு பேரும் பாக்கட்டும், அளவெடுக்கட்டும். யார் சொல்றது எனக்குச் சரின்னு படுதோ அவங்களுக்குக் கொடுக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா நீங்க கூட வர வேண்டாம்."

"வர மாட்டேன்" என்றார் கூரைக்காரர்.

திரும்பி வந்தபோது கொல்லையில் தார்ப்பாய்கள் அவிழ்ந்து ஓரமாகக் கிடந்தன. கம்பிவலை வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது. கோழிகள் செங்கல்மேல் போட்டிருந்த பலகைகளில் வரிசையாக ஏறி நின்று இறகை உதறிக்கொண்டிருந்தன. மகன் அன்று சீக்கிரமே வந்திருந்தான். குழியின் மூடியைத் திறந்துவிட்டு, அங்கிருந்து வீட்டின் பக்கவாட்டாகத் தெருச் சாக்கடை வரை போக ஒரு வாய்க்கால் வெட்டத் தொடங்கியிருந்தான். நாற்பது அடி இருக்கும். ஐந்தடி ஆகியிருந்தது.

கூரைக்காரர் சலவைச் சட்டையோடு வந்து நின்றார்.

"கிடங்குல நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வரச் சொன்னாங்க. உன்னைத்தான். அந்த இன்னொரு ஆளும் வருவான்."

மகன் மண்வெட்டியை நிறுத்தினான். "நீங்க போனீங்களா?"

"போனேன். கூரை ஒழுகலைன்னு சொன்னேன். குழி நான் வெட்டுனதுன்னு சொன்னேன்." இதைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். இறங்கவில்லை. "உனக்குக் குழின்னு எப்போடா தெரியும்?"

"முதல் நாளே."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னேன்பா. நீங்க ஏணியில இருந்தீங்க."

மருமகள் அடுக்களை ஜன்னலிலிருந்து, "தேநீர் ஆறுது" என்று குரல் கொடுத்தாள். கூரைக்காரர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அங்கே போட்டால் நனையும் என்று தெரிந்தும் போட்டார். அளவுக்கயிற்றின் ஒரு நுனியை எடுத்துக்கொண்டு தெருப் பக்கம் நடந்தார். சரிவு சரியாக இருக்கிறதா என்று அவர் கயிற்றைப் பிடித்துப் பார்க்க, அவன் வெட்டினான். ஒன்றிரண்டு தடவை அவர், "கொஞ்சம் ஆழம்" என்று சொல்ல வாயெடுத்தார். அவன் அதற்குள் ஆழமாக வெட்டியிருந்தான்.

வெளிச்சம் குறைந்தபோது இருபது அடி முடிந்திருந்தது. மண் ஒரு பக்கம் குவிந்து, மழையில் கரைந்து, வெட்டிய இடத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாக வழிந்துகொண்டிருந்தது. இருவருக்கும் அதைப் பார்த்துப் பேசத் தெம்பில்லை.

"போதும்பா. மீதியை நாளைக்குச் சாயங்காலம் வந்து பாத்துக்கிறேன்."

"நாளைக்கு உனக்குக் கிடங்குல வேலை இருக்கு. நல்லாத் தூங்கிட்டுப் போ" என்றார் கூரைக்காரர். "மீதியை நான் வெட்டுறேன்."

மகன் அவருடைய இடுப்பைப் பார்த்தான், முழங்காலைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவன் சொல்லவில்லை. மண்வெட்டியைக் கழுவி, அவர் குனியாமல் எடுக்கிற உயரத்தில் மதிலில் சாய்த்து வைத்துவிட்டு, காலைத் தேய்த்துத் தேய்த்துச் சேற்றை உதறியபடி உள்ளே போனான்.